மோட்டார் வண்டியில் காற்றூதும் விசிறி நின்றுபோனால் கோளாறு அறியும் முறை

மார்கழி, தை மாதங்களில் நீலகிரி மலைமேல் கடுங்குளிரும் மூடுபனியும் உண்டாவது யாவரும் அறிந்ததே. கடல் மட்டத்திற்குச் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் அக்காலத்தில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. அப்பிரதேசத்தில் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்கள், விளைபொருளை வண்டியிலேற்றி மலைப்பாதை வழியாக மேட்டுப்பாளையத்திற்கு இறக்குகின்றனர். இருட்டிலும் பனியிலும் இறங்கும் வண்டியின் முன்கண்ணாடி உட்புறத்தில் ஆவி படிந்து மங்குமாயின், ஓட்டுபவருக்கு வளைவும் தெரியாது. எதிரே வரும் வண்டியும் தெரியாது. அவ்வாவியைப் போக்குவது டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு விசிறியேயாகும். இதனை ஓட்டுநர்கள் புளோயர் என்பர்.

இவ்விசிறி திடீரென நின்றுவிட்டால், அதன் மோட்டார் கெட்டுவிட்டது என்று உடனே தீர்மானித்துப் புதிய மோட்டார் வாங்குவோர் பலர். வாங்கிய மோட்டாரைப் பொருத்திய பின்னும் விசிறி சுழலாததைக் கண்டு மறுபடியும் செலவு செய்வோரும் உளர். மோட்டார் என்பது மின்சாரம் செல்லும் வழியிலுள்ள பல உறுப்புக்களில் ஒன்று மாத்திரமே. கடைமடை வயலுக்கு நீர் வராவிடில், அறிவுள்ள விவசாயி வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. மதகிலிருந்து தொடங்கி வாய்க்காலைக் கண்காணித்துக்கொண்டே வருகிறான். விசிறிக்கும் அம்முறையே பொருந்தும். அம்முறையை இங்கு விவரிப்போம்.

விசிறியின் அமைப்பும் வேலையும்

என்ஜினைக் குளிர்விக்கும் நீர், என்ஜின் சூடேறிய பின் ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேட் வரை உஷ்ணமுள்ளதாயிருக்கும். அந்நீரில் ஒரு பகுதி, ரப்பர் குழாய்களின் மூலம் டாஷ்போர்டுக்குப் பின்னேயுள்ள ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. விசிறி, காற்றை அதன் ஊடே தள்ளுவதால் காற்று சூடேறி, முன்கண்ணாடியின்மீதும் உட்கார்ந்திருப்போரின் கால்களின்மீதும் வீசுகிறது. ஏர்கண்டிஷன் அமைந்த வண்டிகளில் குளிர்ந்த காற்றைத் தள்ளுவதும் இதே விசிறிதான். ஆகையால் மலைமேல் வெப்பத்திற்கும் சமவெளியில் குளிர்ச்சிக்கும் ஒரே விசிறியே ஆதாரம். அமெரிக்காவில் நாஷ் கம்பெனியார் 1938-ஆம் வருஷத்து வண்டிகளில் வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்கி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தனர். இக்காலத்துக் கார்களிலுள்ள அமைப்பும் அதே தத்துவத்தைச் சார்ந்தது. மூடிய அறையுள்ள டிராக்டர்களிலும் இவ்வமைப்பு உண்டு.

கண்ணாடியில் ஆவி படிவதன் காரணமும் எளிதே. குளிர்ந்த நீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, மூச்சிலும் நனைந்த துணியிலும் சாக்கிலுமிருந்து எழும் நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்ணிய துளிகளாகிறது. சூடான காற்று கண்ணாடியை வெப்பமாக்குவதால் துளிகள் மறைகின்றன. ஏர்கண்டிஷனையும் உடன் இயக்கினால் காற்றிலுள்ள ஈரம் முன்னதாகவே பிரிந்துவிடுவதால் கண்ணாடி இன்னும் விரைவில் தெளிவடைகிறது. விசிறி நின்றால் இவ்விரண்டும் பயனற்றுப் போம்.

மின்சாரம் செல்லும் வழி பின்வருமாறு: பாட்டரி, பியூஸ், சாவி ஸ்விட்ச், ரிலே, வேக ஸ்விட்ச், ரெஸிஸ்டர், மோட்டார், முடிவில் எர்த் கம்பி மூலம் வண்டியின் உடலைச் சேர்ந்து பாட்டரிக்குத் திரும்புகிறது. சில வண்டிகளில் வேக ஸ்விட்சும் ரெஸிஸ்டரும் மோட்டாருக்கு முன்னும், வேறு சிலவற்றில் மோட்டாருக்கும் எர்த்துக்கும் இடையிலும் இருக்கும். எவ்விதமாயினும், போகும் வழியும் திரும்பும் வழியும் ஆகிய இரண்டும் சரியாயிருந்தாலன்றி மோட்டார் சுழலாது.

முதலாவதாகக் குறிகளைக் கவனித்தல்

யாதொரு திருகையும் கழற்றுமுன், சாவியைத் திருப்பி வைத்து, வேக ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் காதாலும் கையாலும் கவனிக்க வேண்டும். குறிகளைக்கொண்டே பாதிக் கோளாறுகளை நிச்சயிக்கலாம்.

(1) விசிறியின் ஒலி கேட்கிறது, காற்றும் வருகிறது, ஆனால் சூடில்லை எனில், குற்றம் விசிறியினுடையதன்று. ரேடியேட்டரில் நீர் குறைவு, நீர் செல்லும் வால்வின் அடைப்பு, தெர்மாஸ்டாட் கோளாறு ஆகியவற்றுள் ஒன்றாகும்.

(2) விசிறியின் ஒலி பலமாகக் கேட்டும் காற்று வராவிடில், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். உள்ளிருக்கும் கதவு சிக்கியிருக்கலாம். விசிறிச் சக்கரம் மோட்டார் அச்சில் நழுவியிருக்கலாம்.

(3) மிகுந்த வேக நிலையில் மட்டும் விசிறி சுழன்று, குறைந்த வேகங்களில் சுழலாவிடில், பெரும்பாலும் ரெஸிஸ்டரே கெட்டிருக்கும். குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெஸிஸ்டர் வழியாகவும், மிகுந்த வேகத்தில் அதைத் தவிர்த்து நேராகவும் செல்வதே இதற்குக் காரணம். மோட்டார் நன்றாயிருக்கிறது என்பதற்கு இக்குறியே சாக்ஷி.

(4) குறைந்த வேகங்களில் சுழன்று, மிகுந்த வேகத்தில் மட்டும் நின்றுவிடுமாயின், ஸ்விட்ச், ரிலே அல்லது அவ்வேகத்திற்குரிய கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

(5) வண்டி குலுங்கும்போது சுழல்வதும் பின் நிற்பதுமாயிருந்தால், மோட்டாரிலுள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது கம்பிகளை இணைக்கும் கப்ளர் தளர்ந்திருக்கலாம்.

(6) எந்த வேகத்திலும் அசைவே இல்லாவிடில், கீழ்க்கண்டவாறு வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

வேண்டிய கருவிகளும் ஜாக்கிரதைகளும்

இச்சோதனைக்கு 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகள் இணைத்த சோதனை விளக்கு, வோல்ட் அளக்கும் மீட்டர், திருப்புளி, டார்ச் விளக்கு ஆகியவை போதும். கார்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டிலும், பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டிலும் இயங்குவதால், விளக்கு வண்டிக்கேற்றதாயிருத்தல் அவசியம்.

சோதனைக்கு என்ஜினை ஓட்ட வேண்டுவதில்லை. சாவியைத் திருப்பினாலே போதும். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டிக்கொண்டு வேலை செய்வது, நிறமும் மணமுமற்ற விஷவாயுவால் உயிருக்கே அபாயமாகும். ஏதேனும் உறுப்பைக் கழற்றுமுன் பாட்டரியின் நெகடிவ் கம்பியை நீக்கிவிட வேண்டும். கையிலுள்ள மோதிரம், காப்பு முதலியவற்றையும் கழற்றிவைப்பது நலம். விபத்தில் விரியும் காற்றுப்பையின் கம்பிகளும் டாஷ்போர்டுக்குள்ளேயே செல்கின்றன. அவை பெரும்பாலும் மஞ்சள் நிறக் கப்ளரும் மஞ்சள் உறையும் உடையவை. அவற்றைச் சோதனை விளக்கால் ஒருபோதும் தொடலாகாது. பையைத் திடீரென விரியச் செய்து காயமுண்டாக்கக்கூடும்.

சோதிக்கும் முறை

பியூஸ்: ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டியிலும், என்ஜின் பக்கத்தில் மற்றொரு பெட்டியிலும் பியூஸ்கள் இருக்கும். எது எதற்குரியது என்பது பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். சோதனை விளக்கின் ஒரு முனையை வண்டியின் வர்ணம் பூசாத இரும்பில் பொருத்தி, மறு முனையால் பியூஸின் தலையிலுள்ள இரண்டு சிறு உலோகப் புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட வேண்டும். இரண்டிலும் விளக்கு எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மாத்திரம் எரிந்தால் அது உருகிவிட்டது. இரண்டிலும் எரியாவிடில், மின்சாரம் பியூஸுக்கே வந்து சேரவில்லை எனக்கொண்டு சாவி ஸ்விட்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

உருகிய பியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் உள்ள பியூஸையே போட வேண்டும். புதியதும் உடனே உருகினால் மூன்றாவது பியூஸை வீணாக்காமல், மோட்டாரின் கப்ளரைப் பிரித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் உருகினால் கம்பி எங்கோ உராய்ந்து இரும்பைத் தொடுகிறது. உருகாவிடில் குற்றம் மோட்டாரில் உள்ளது.

ரிலே: சாவியைத் திருப்பி விசிறியைப் போடும்போது, ரிலேயின்மேல் விரலை வைத்தால் சிறு தட்டல் தெரியும். தெரியாவிடில், அதே எண்ணுள்ள வேறொரு ரிலே அருகில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. எண்கள் வேறாயிருந்தால் மாற்றலாகாது.

மோட்டாரின் கப்ளர்: நம் நாட்டுக் கார்களில் விசிறி மோட்டார் பெரும்பாலும் இடப்புறத்தில், டாஷ்போர்டிலுள்ள சிறு பெட்டிக்குக் கீழே இருக்கும். கப்ளரைப் பிரித்தவுடன், அது பழுப்பாகவோ உருகியோ இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு, விசிறியை மிகுந்த வேகத்தில் வைத்து, கம்பிப் பக்கத்துக் கப்ளரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சோதனை விளக்கைப் பிடிக்க வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தால், மின்சாரம் வரும் வழியும் திரும்பும் வழியும் பெரும்பாலும் சரியென்று கொண்டு மோட்டாரைச் சோதிக்கலாம். எரியாவிடில், விளக்கின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, மறு முனையால் கப்ளரின் முனைகளைத் தனித்தனியே தொட வேண்டும். அப்பொழுது ஏதேனும் ஒன்றில் எரிந்தால், வரும் வழி சரி, திரும்பும் வழியில்தான் தடை. ஒன்றிலும் எரியாவிடில், வரும் வழியிலேயே தடை.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சிறு பல்புக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம். ஓரிழை மாத்திரம் அறுபடாமல் மிஞ்சிய கம்பியும் பல்பை எரியவைக்கும், மோட்டாரைச் சுழற்றாது. ஆகையால் மோட்டாரை நீக்குமுன், கப்ளரை மறுபடி இணைத்து, விசிறி போட்டபடியே மோட்டாரின் இரு முனைகளுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டரியில் 12 வோல்ட் இருந்து, மோட்டாரில் 8 அல்லது 9 மாத்திரம் காட்டினால், மிகுதி வோல்ட் வழியில் எங்கோ ஒரு தளர்ந்த இணைப்பில் வீணாகிறது என்று அறிக.

மோட்டார்: பாட்டரியிலிருந்து, இடையில் தகுந்த பியூஸ் வைத்த தடித்த கம்பியால் மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். சுழன்றால் மோட்டார் நல்லது. சுழலாமலிருந்து, திருப்புளியின் பிடியால் மெதுவாகத் தட்டியதும் சுழன்றால், பிரஷ்கள் தேய்ந்துபோயின. தட்டிச் சுழற்றியது அன்றைய பிரயாணத்திற்கு உதவலாமேயன்றி நிலையான பரிகாரமாகாது. மின்சாரத்தை நீக்கிய பின் விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். வெளிக்காற்று உள்ளே புகும் வாயிலின் வழியாக யூகலிப்டஸ் இலை, சருகு முதலியன விழுவதும், சில சமயம் எலி கூடு கட்டுவதும் உண்டு. இவற்றால் சக்கரம் இறுகியிருந்தால், சுத்தம் செய்வதே போதும்.

ரெஸிஸ்டர்: இது விசிறியின் காற்று செல்லும் வழியிலேயே இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் கம்பிச் சுருள் அறுந்திருப்பதோ, அதனுடன் இணைந்த உஷ்ணப் பியூஸ் திறந்திருப்பதோ மீட்டரால் தெரியவரும். உஷ்ணப் பியூஸை நீக்கிவிட்டு அவ்விடத்தில் சாதாரணக் கம்பியைப் பற்றவைப்பது சில பட்டறைகளில் நடக்கிறது. இது தீக்கு இடங்கொடுப்பதாகும். முழு ரெஸிஸ்டரையும் மாற்றுவதே முறை.

உஷ்ண நிலையைத் தானே கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இத்தகைய ரெஸிஸ்டருக்குப் பதிலாக மின்னணு உறுப்பு ஒன்று வேகத்தை நடத்துகிறது. அவற்றில் பியூஸையும் கப்ளரையும் மட்டும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு சோதனையைத் தகுந்த எலக்ட்ரீஷியனிடம் விடுவதே உசிதம். அதன் மெல்லிய கம்பிகளில் பல்பை வைத்துச் சோதித்தால் நல்ல உறுப்பும் கெடக்கூடும்.

கோளாறு மறுபடி வருவதேன்

புதிய ரெஸிஸ்டர் போட்ட சில மாதங்களில் அதுவும் எரிந்துவிட்டால், அதை விற்றவரைக் குறைகூறுமுன் இரண்டு காரணங்களை ஆராய வேண்டும். முதலாவது, மோட்டாரின் தாங்கி வறண்டோ, சக்கரம் குப்பையால் கனத்தோ இருந்தால், மோட்டார் தனக்குரியதைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும்; அவ்வளவும் ரெஸிஸ்டர் வழியாகவே செல்ல வேண்டும். இரண்டாவது, ரெஸிஸ்டர் விசிறியின் காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. வடிகட்டி அடைபட்டுக் காற்றுக் குறைந்தால் அது தன் சூட்டிலேயே அழியும். ஆதலால் ரெஸிஸ்டரை மாற்றும்போதே வடிகட்டியையும் மோட்டாரையும் பார்ப்பவருக்கு இரண்டாம் செலவு இல்லை.

தளர்ந்த கப்ளர் எவ்வாறு கருகுகிறது என்பதைச் சிறு கணக்கால் உணரலாம். 15 ஆம்பியர் செல்லும் இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை மாத்திரம் இருந்தால், அங்கே 1½ வோல்ட் வீணாவதோடு 22½ வாட் உஷ்ணமும் பிறக்கிறது. ஈயம் பற்றவைக்கும் சிறு மின்சாரக் கோலின் சூடு ஏறக்குறைய அவ்வளவே. அக்கோலை டாஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக்கின் நடுவே, மணிக்கணக்காக வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். கருகிய கப்ளரில் புதிய ரெஸிஸ்டரைச் செருகுவது பயனற்றது. கப்ளரையும் கம்பி முனையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெரிய பியூஸ் போடுவதன் தீமை

பியூஸ் அடிக்கடி உருகுகிறதென்று, 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் போடுவதும், பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ சிகரெட்டுத் தகட்டையோ சுற்றி வைப்பதும் பலவிடங்களில் காணும் வழக்கம். ஏரியில் கலிங்கு இருப்பது கரையைக் காப்பதற்கே. இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டும் என்று கலிங்கின்மேல் மண்ணைப் போட்டு உயர்த்தினால், பெருமழையன்று கலிங்குக்குப் பதில் கரையே உடைந்துபோம். பியூஸின் அளவு மோட்டாரின் பலத்தை மட்டும் பொறுத்ததன்று. வழியிலுள்ள கம்பியின் கனத்தைப் பொறுத்தது. பெரிய பியூஸ் உருகாமல் நிற்குமிடத்துக் கம்பி உருகும். அதன் உறை தீப்பற்றும். பியூஸின் அளவை நிறத்தாலும் அறியலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஒவ்வோர் அளவிலும் இரண்டு பியூஸ்களை வண்டியில் வைத்திருப்பின், நடுவழியில் தகாததைப் போடும்படி நேராது.

பிரயாணத்தின் நடுவே விசிறி நின்றால்

மலைப்பாதையில் விசிறி நின்றுவிட்டால், முதலில் வேக ஸ்விட்சை மிகுந்த வேகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரெஸிஸ்டர் மட்டும் கெட்டிருந்தால் அந்நிலையில் சுழலும். அதைக்கொண்டே ஊர் சேரலாம். அதிலும் சுழலாவிடில், ஸ்விட்சை நிறுத்திவிட்டு, இருபுறக் கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை இறக்கி வைத்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி ஆவி படிவது குறையும். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம், பார்வை மறைவதைப் பொறுக்கலாகாது. நனைந்த சாக்கு, கம்பளி, குடை முதலியவற்றை ஓட்டுநர் அறையிலிருந்து பின்னால் மாற்றிவிட வேண்டும். கண்ணாடியை உலர்ந்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டுமேயன்றி உள்ளங்கையால் துடைக்கலாகாது. கையின் பிசுக்கு, எதிர் விளக்கு பட்டால் முன்னிலும் அதிகமாகக் கண்ணை மறைக்கும். ஓடும் வண்டியில் ஒரு கையால் துடைத்துக்கொண்டே இறங்குவது அபாயம். பாதை தெரியாவிடில், அகலமான இடத்தில் ஓரங்கட்டி, அபாய விளக்குகளைப் போட்டு, மூடுபனி விலகும்வரை காத்திருப்பதே விவேகம். ஒரு நாள் சந்தை தவறினால் மறு நாள் சந்தை உண்டு.

பிளாஸ்டிக் கருகும் நாற்றமோ புகையோ எழுந்தால், விசிறியையும் சாவியையும் உடனே நிறுத்தி, கூடுமாயின் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். காரணம் அறியுமுன் மறுபடி போட்டுப் பார்க்கலாகாது.

பொது வண்டிகளைப் பற்றி

கூட்டுறவுச் சங்கத்திற்கோ பஞ்சாயத்துக்கோ சொந்தமான வண்டிகள் பல கைகளில் ஓடுவதால், சென்ற முறை எது பழுதுபார்க்கப்பட்டது என்பது அடுத்தவருக்குத் தெரிவதில்லை. ஆகையால் அவற்றின் பொறுப்பிலுள்ள கிராம உத்தியோகஸ்தர்கள், வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பியூஸ் உருகிய தேதி, போட்ட பியூஸின் அளவு, ரெஸிஸ்டர் மாற்றிய தேதி, வடிகட்டி சுத்தம் செய்த தேதி ஆகியவற்றை ஓட்டுநரைக்கொண்டு எழுதுவிக்க வேண்டும். ஒரு வருஷத்தில் மூன்று முறை பியூஸ் உருகியதாக அப்புத்தகம் காட்டுமாயின், அது பியூஸின் குற்றமன்று, மோட்டார் இறுகிவருகிறது அல்லது கம்பி உராய்கிறது என்பது புலப்படும். பழுதுபார்ப்புச் செலவுக்கு அனுமதி கொடுக்குமுன், கழற்றிய பழைய உறுப்பை நேரில் பார்ப்பதும், எந்தச் சோதனையால் அது கெட்டதென்று நிச்சயித்தார்கள் எனக் கேட்பதும் அவர்கள் கடமையாம்.

வருஷந்தோறும் ஐப்பசி மழை தொடங்குமுன் வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டி, தேவையானால் புதிதாக மாற்றி, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்று வாயிலில் கிடக்கும் சருகுகளை நீக்கி, எல்லா வேகங்களிலும் விசிறியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இவ்வேலைக்கு அரைமணி நேரத்திற்குமேல் செல்லாது.

உருகிய பியூஸின் விலை சில ரூபாய்களே; மோட்டாரின் விலையோ ஆயிரக்கணக்கில் ஆகும். இரண்டில் எது கெட்டதென்று ஒரு சிறு பல்பின் ஒளி காட்டிவிடும். வரிசையாகச் சோதித்த பின்னரே உறுப்பு வாங்குவது என்ற நியமத்தைக் குடியானவர்கள் கைக்கொள்வாராயின், கைப்பொருளும் மிஞ்சும். பனிக்காலத்து மலைப்பாதையில் கண்ணுக்கு முன்னுள்ள வழியும் தெளிவாயிருக்கும்.